தங்கையின் பிரசவத்துக்கு ராஜபாளையம் போனேன்

ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது மலையை. மேற்கே நீலமாக நீண்டு கிடந்தது. உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. இலங்கையில் அட்டன் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் மயங்கிப் போனேன். பிறகு வெயில் உச்சந்தலையில் இறங்கியது. மயக்கம் தெளிந்துவிட்டது.

எண்பத்திரண்டாம் வருடம், மாம்பழக் காலம். ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை லில்லிக்குத் தலைப்பிரசவம். தலைப்பிரசவத்தைத் தாய் வீட்டில் பார்ப்பதுதான் முறை. எங்களுக்குத் தாய் இல்லை. இலங்கையில் எங்களுக்கென்று இருந்த ஒரே வீடு, தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எனக்குக் கொடுத்திருந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். நிறைமாத வயிற்றோடு அவளைக் கப்பலில் ஏற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே தாய் வீடே கப்பலேறி அவளிடம் போயிற்று.

நான் தோட்டத்து மருத்துவமாது, பிரசவம் பார்ப்பவள். அங்கே எல்லோருக்கும் 'மிஸ்ஸி'. என் பெட்டியில் பாதி துணிமணி, ஒரு மூலையில் தேயிலைப் பொட்டலங்கள், மீதியெல்லாம் கத்தரிக்கோல், கவ்வி, கையுறை, பஞ்சு, மருந்து நெடி. சுங்கத்தில் அதைத் திறந்தவர் முகம் மாறி உடனே மூடிவிட்டார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் லில்லி பிறந்தாள். அம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. மலைப்பாதையில் டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஈரத் துணியில் சுற்றிய குழந்தையை யாரோ என் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவளை வளர்த்தவள் நான். இந்த வேலைக்குப் படித்ததும் அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கர்த்தரை நம்பினேன். மற்ற ஆறு நாளும் என் கைகளை நம்பினேன். அவை இரண்டும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை.

"வாங்க மதினி! எம்புட்டு நேரமா நிக்கிறீக?" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் லில்லியின் கணவர் டேனியல். நூற்பாலையில் ஃபிட்டர். தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. பெட்டியைக் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார். பேசிக்கொண்டே நடந்தோம். வழியில் டீக்கடையில் நிறுத்தி எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் எங்கள் தோட்டத்தில் நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடும். எங்களுக்கு மிஞ்சுவது கடைசித் தூசிதான். நல்ல டீயை முதல்முதலாக ராஜபாளையத்தில் குடித்தேன் என்று பிறகு சொன்னபோது தோட்டத்தில் யாரும் நம்பவில்லை.

லில்லியின் தெருவில் பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசினார்கள். அடுத்த வீடு பாத்திமாவுடையது. அவள் கணவருக்குத் தெருமுனையில் பலசரக்குக் கடை. நான் முகம் கழுவி நிமிர்வதற்குள் இடியாப்பமும் ஆட்டுக்கால் குழம்பும் தட்டோடு வந்துவிட்டன. எங்கள் பக்கத்தில் இடியாப்பம் என்றால் சொதியும் சம்பலும். "அது என்ன சொதி?" என்று பாத்திமா கேட்டாள். தேங்காய்ப்பால் என்று நான் ஆரம்பித்ததும், "எங்க வீட்டுலயும் செய்வோம்க்கா, வேற பேரு" என்று முடித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் லில்லியைக் கட்டிலில் படுக்கச் சொல்லி வயிற்றில் கை வைத்தேன். என் விரல்கள் இரண்டு முறை தடவிப் பார்த்தன. தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. நெஞ்சுக்குக் கீழே உருண்டையாகத் தட்டுப்பட்டது. பிள்ளை திரும்பாமல் உட்கார்ந்திருந்தது.

"தெரியும்க்கா. டாக்டரம்மா சொல்லிட்டாக" என்றாள் லில்லி, சேலையை இழுத்து விட்டுக்கொண்டே.

"தெரிஞ்சும் ஏன் எனக்கு எழுதல?"

"எழுதியிருந்தா நீ கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே செத்திருப்ப."

எனக்குக் கோபம் வந்தது. அவள் எழுந்து போய் மாவு ஆட்ட உட்கார்ந்தாள். நான் அவளை எழுப்பிவிட்டு நானே ஆட்டினேன். அவள் அடுப்பில் பாலை வைத்தாள். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே, ஒரு கையை வயிற்றில் வைத்து, "ஆண்டவரே, இன்னைக்கும் இந்தப் பிள்ளை உம்முடையது" என்று மெதுவாகச் சொன்னாள். உடனே பாலை இறக்கினாள்.

"அம்புட்டுதானா ஜெபம்?" என்று கேட்டேன். ஒரே நாளில் அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் தொற்றிக்கொண்டிருந்தது.

"அம்புட்டுதான். ஒரே தடவையில சொல்லி முடிக்க முடியலக்கா. காலையில ஒப்புக்கொடுத்தா மத்தியானத்துக்குள்ள பயம் வந்து, திரும்பப் புடுங்கி என் மடியிலேயே வச்சுக்கிறேன். பொறவு திரும்பக் குடுக்கணும். சில நாளு பத்து தடவ ஆயிரும்."

ஏழு மாதமாக அவள் அப்படித்தான் நாட்களைக் கடத்தியிருக்கிறாள். மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்பது மறுநாள் இட்லியைத் தின்றபோது தெரிந்தது.

லில்லியைப் பார்த்து வந்த லேடி டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அந்த வாரத்துப் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பெரிய கோபுரம் தென்னந்தோப்புக்கு மேலே மெல்ல எழுந்து வருவதைப் பார்த்தேன். இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்கோவாக் கடை. மரக் கரண்டியால் ஒருவர் கிண்டிக்கொண்டே இருந்தார். தெரு முழுக்கச் சுண்டிய பால் வாசனை. லில்லி சூடாக வாங்கி இலையோடு என் கையில் வைத்தாள்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். அளவாகப் பேசினார். "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. திரும்பலாம். திரும்பலன்னா வலி வந்ததும் உடனே கூட்டிட்டு வந்துருங்க. மத்தத நான் பார்த்துக்கறேன்" என்றார்.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். எத்தனை வருட வேலை, இப்படி உட்கார்ந்த பிள்ளைகளையும் எடுத்த கதை, எல்லாம் சொன்னேன். பிரசவ அறைக்குள் நானும் இருக்க வேண்டும் என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "வேண்டாங்க. உள்ள எனக்கு ரெண்டு நர்ஸ் இருக்காங்க. உங்க தங்கச்சிக்கு வெளியில ஒரு அக்கா வேணும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று இரவுச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தேன். லில்லி தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம் என்ற ஆட்டல்.

டேனியலுக்கு விடுமுறை வந்த நாளில், "வீட்டுக்குள்ளயே எத்தன நாளு இருப்பீக, வாங்க" என்று என்னை அய்யனார் கோவில் அருவிக்கு அழைத்துப் போனார். லில்லிக்குத் துணையாகப் பாத்திமா இருந்தாள். மலையடிவாரத்துக்குப் போனதும் காற்று மாறியது. சாரல் முகத்தில் பட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. மாந்தோப்புகளைத் தாண்டி, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஆண்களும் பெண்களும் கூட்டமாகக் குளித்தார்கள். ஒரு குடும்பம் பெரிய தூக்குச் சட்டியைத் திறந்து புளியோதரை பங்கு வைத்துக்கொண்டிருந்தது. எங்களையும் கூப்பிட்டார்கள்.

தண்ணீரில் காலை வைத்தபடி டேனியல் கேட்டார். "மதினி, நெசத்தச் சொல்லுங்க. ரெண்டு பேரும் பிழைச்சு வருவாகளா?"

ஆறுதல் சொல்வது என் தொழிலில் பாதி. எத்தனையோ கணவன்மார்களிடம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். இவரிடம் அது வாயில் வரவில்லை.

"தெரியாது டேனியல்" என்றேன்.

"சரி. ஒங்களுக்கே தெரியாதுன்னா ஜெபம் பண்ணிருவோம்" என்று அவர் அங்கேயே கண்ணை மூடினார். சுற்றிலும் கூச்சல், சிரிப்பு, சோப்பு வாசனை. அவர் என்ன சொன்னார் என்று தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. முடிவில் 'ஆமென்' மட்டும் கேட்டது. நானும் சொன்னேன்.

அடுத்த வாரம் ஒரு முற்பகல். டேனியல் மில்லுக்குப் போயிருந்தார். லில்லி துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பன்னீர்க்குடம் உடைந்தது. பிள்ளை திரும்பியிருக்கவில்லை. நான் பெட்டியை எடுத்தேன். பாத்திமா ஓடிப்போய், கடைக்குச் சரக்கு ஏற்றும் ஒரு பழைய காரைப் பிடித்து வந்தாள். மில்லுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள்.

வன்னியம்பட்டிப் பக்கம் வந்ததும் காரின் முன்னாலிருந்து புகை கிளம்பியது. டிரைவர் இறங்கி மூடியைத் தூக்கினார். "தண்ணி போயிருச்சு, செத்த நேரம் ஆகும்" என்றார். இரண்டு பக்கமும் வயல், புளியமரம், அனல். லில்லிக்கு வலி நெருங்கி நெருங்கி வந்தது.

நான் பின்சீட்டில் துணியை விரித்தேன். பெட்டியைத் திறந்து கையுறையை எடுத்தேன். என் மனம் அமைதியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த வேலை, என் கையில் இருக்கிறது. உண்மையில், கார் நின்றதில் எனக்கு ஒரு ஓரத்தில் நிம்மதிகூட இருந்தது.

லில்லி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம்க்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுல போறது? வண்டி இல்ல, வாசல் இல்ல. யாரை நம்பி உட்கார்றது இங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். வேர்வையில் நனைந்திருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் நான் கேட்ட கேள்வி எனக்கே கேட்டது. நான் பார்த்தவரை இன்னும் நேரம் இருந்தது. தொப்புள்கொடி முன்னால் இறங்கவில்லை. அவசரம் அவளுக்கு இல்லை, எனக்குத்தான். கையுறையைத் திரும்பப் பெட்டியில் போட்டேன்.

இதற்குள் பாத்திமா நடு ரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ் ஒன்று அவளுக்கு எதிரே சக்கரம் கிறீச்சிட நின்றது. மீசை நரைத்த டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏட்டி, சாகணுமா ஒனக்கு?" என்று கத்தினார். பிறகு லில்லியைப் பார்த்தார். அடுத்த நிமிடம் அவரே இறங்கி வந்து ஒரு பக்கம் தாங்கினார்.

பெண்கள் கடைசி நீளச் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். ஒருத்தி தன் மடியைத் தலையணையாக வைத்தாள். இன்னொருத்தி முந்தானையால் விசிறினாள். மகாராஜபுரத்துக்காரர் ஒருவர் மாம்பழக் கூடையைத் தன் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றே வந்தார். "இனி நிக்காது, யாரும் நிறுத்தச் சொல்லாதீக" என்று கண்டக்டர் அறிவித்தார்.

"என் ஸ்டாப்பு போயிருச்சே" என்று ஒரு குரல்.

"ஏலே, நீ நடந்து வந்துருவ. அவ நடப்பாளா?" என்று இன்னொரு குரல். அதோடு சரி. அதன்பிறகு பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவர் வேகத்தைக் குறைத்ததும், பள்ளம் தாண்டியதும் பறந்ததும் மட்டும் தெரிந்தது.

ஆஸ்பத்திரி இருந்த தெரு பஸ் போகிற தெரு இல்லை. டிரைவர் அதற்குள்ளேயே திருப்பினார். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் தன் கடைப் பந்தலின் காலைப் பிடுங்கி வழி விட்டார். வாசற்படியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நான் திரும்பி ஒரு வார்த்தை சொல்வதற்குள் பஸ் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

லில்லியை உள்ளே கொண்டு போனார்கள். நானும் பெட்டியோடு பின்னால் போனேன். டாக்டர் கதவருகில் நின்று, "நீங்க இங்கயே" என்றார். கதவு மூடியது.

வெளியே ஒரு மர பெஞ்சு. பாத்திமா என் பெட்டியை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்குக் கண் தேவையில்லை. எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று காது சொல்லிக்கொண்டே இருந்தது. இப்போது முக்கச் சொல்கிறார்கள். இப்போது கால் வந்துவிட்டது. இப்போது உடம்பு. இனித் தலை. பிறகு எல்லாச் சத்தமும் நின்றது.

அந்த அமைதியை நான் அறிவேன். உட்கார்ந்த பிள்ளைக்குத் தலைதான் கடைசியில் வரும். அது சிக்கினால் அறையில் யாரும் பேச மாட்டார்கள். நான் எழுந்து கதவில் கை வைத்துவிட்டேன். உள்ளே போனால் என்ன செய்ய வேண்டும் என்று என் ஒவ்வொரு விரலுக்கும் தெரியும்.

அம்மாவின் பிரசவத்தில் நல்ல கைகள் இல்லை, அதனால்தான் அவள் போனாள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். என் கைகள் நன்றாகவே வேலை செய்தும் பிழைக்காத பிள்ளைகள் உண்டு. அதை நான் யாரிடமும் பேசுவதில்லை, ஜெபத்தில்கூட. கதவின் அந்தப் பக்கத்தில் இருந்த கைகளையும் என் கைகளையும் தாண்டி வேறொருவர் கையில்தான் லில்லி இருந்தாள். இன்று மட்டுமல்ல, பிறந்த நாளிலிருந்தே. அதை நம்புகிறேனா இல்லையா என்று அப்போது முடிவு செய்ய வேண்டியிருந்தது. மனதில் ஒரு தைரியமும் வரவில்லை. தைரியம் வருமென்று காத்திருக்கவும் நேரம் இல்லை.

கதவிலிருந்து கையை எடுத்தேன். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"ஆண்டவரே, அவள் உம்முடையவள். அந்த டாக்டரும் உம்முடையவர். பிள்ளை பிழைத்தாலும், பிழைக்காவிட்டாலும்..." என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முடிக்காமலேயே ஒப்புக்கொடுத்தேன். பக்கத்தில் பாத்திமாவின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. என் முழங்கையை அவள் இறுகப் பிடித்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் ஒரு இருமல் போல. பிறகு ஒரு சிணுங்கல். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு அழுகை. பாத்திமா ஓவென்று அழுதாள். நான் தரையில் முழங்கால் போட்டுவிட்டேன்.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "பொண்ணு. அம்மாவும் நல்லா இருக்கா. தலை கொஞ்சம் சிக்கிருச்சு. மூச்சு விடவும் லேட்டாயிருச்சு." என்னை ஒரு முறை பார்த்தார். "உங்களுக்கு வெளியிலேருந்தே தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் கதவத் தட்டல."

"தட்டல."

"ரொம்ப நன்றிங்க. தட்டியிருந்தா திரும்பிப் பார்த்திருப்பேன்." அவ்வளவுதான் சொன்னார். கதவை அகலமாகத் திறந்து, "இப்ப வாங்க" என்றார்.

லில்லி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். உதட்டில் பல் பதிந்த தடம். "அக்கா, பசிக்குது" என்றாள். அப்படி ஒரு இனிமையான வார்த்தையை நான் கேட்டதில்லை. பால்கோவா வாங்கிவரப் பாத்திமா ஓடினாள். டாக்டர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கஞ்சி கொடுக்கச் சொன்னார். டேனியல் மில்லிலிருந்து சைக்கிளிலேயே மிதித்து வந்து சேர்ந்தார். பிள்ளையை வாங்க நீட்டிய கையில் மில் எண்ணெய் இருந்ததைப் பார்த்து, வாங்காமல் திரும்ப இழுத்துக்கொண்டார். பிறகு சுவரில் சாய்ந்து நின்றார். பஞ்சுத் தூசி ஒட்டிய கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்து ஆலயத்தில் டேனியல் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு ஒரு நன்றி பாக்கி இருந்தது. ஆஸ்பத்திரியில் லில்லியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் அந்த நரைத்த மீசையைக் கண்டேன். டீ கிளாஸோடு தன் பஸ்ஸில் சாய்ந்து நின்றிருந்தார். கிட்டே போய், "அண்ணாச்சி, அன்னைக்கு நிறுத்தி ஏத்திட்டு வந்தீங்களே..." என்று ஆரம்பித்தேன்.

"வன்னியம்பட்டி!" என்றார் உடனே. கிளாஸைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு அதனால ஒண்ணும் கஷ்டம் வரலையே?"

"வராம இருக்குமா தாயி? ரூட்ட விட்டுத் தெருவுக்குள்ள ஏன் போன, ஸ்டாப்புல ஏன் நிறுத்தலன்னு மெமோ குடுத்துட்டாக. எழுதிக் குடுத்தேன்."

"என்ன எழுதினீங்க?"

"பஸ்ஸுல வந்த பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில சுகமாப் பிள்ள பொறந்துச்சுன்னு எழுதுனேன். அதுக்குப் பொறவு மேல கேக்கல."

எனக்கு ஒன்று புரியவில்லை. அவர் எங்களை இறக்கிவிட்டதும் போய்விட்டார். அதன்பிறகு அங்கே யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"பிறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார். "அம்புட்டுப் பேரும் வேண்டிக்கிட்டே வந்தோம்ல. பொறந்திருக்கும்னு நம்பித்தான் எழுதுனேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் பயத்தோடு கேட்டார்: "பொறந்துச்சா தாயி?"

"பொறந்துச்சு அண்ணாச்சி. பொம்பளப் பிள்ள. சுகமா இருக்கா."

அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். பிறகு பஸ்ஸுக்குள் திரும்பி, ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி, "ஏய், அந்தப் பிள்ள பொறந்துருச்சாம்!" என்று சத்தம் போட்டார். அன்று கூட வந்தவர்கள் அந்த பஸ்ஸில் யாராவது இருந்தார்களா தெரியாது. ஆனால் ஜன்னல் ஜன்னலாக முகங்கள் எட்டிப் பார்த்து என்னைப் பார்த்துச் சிரித்தன.